குதிரைக்காக நீதான் பேசணும்

கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரைச் சவாரி வேலைக்குப் புதிதாக வந்து நிற்கும் தம்பிகளுக்கு இதை எழுதுகிறேன். ஊட்டியில் படகு இல்லத்துப் பக்கம் நிற்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும். மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் இந்த மலைக்குப் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தும், குதிரையிலும், டோலியிலும்தான் ஆட்கள் ஏறி வந்தார்கள். 1863-இல் லெவிஞ்ச் துரை இந்த ஏரியை உண்டாக்கினார். அதைச் சுற்றி ஓடும் சுமார் 5 கிலோமீட்டர் ரோடுதான் இன்றைக்கு நம் பிழைப்பு.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதானே என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கீழே நடக்கிற ஜீவனுக்கு வாய் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் நீ. "முடியாது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். இது மட்டும் தானாக வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

1. காலையில் முதல் வேலை குளம்பு பார்ப்பது. டீக்கடைக்குப் போவதெல்லாம் அப்புறம். நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, மண்ணையும் சாணத்தையும் கம்பியால் சுரண்டி எடு. குளம்பின் நடுவில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதை விரலால் அழுத்திப் பார், மோந்தும் பார். கெட்ட வாடை அடித்தால் அழுகல் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மழை மாதங்களில் ஈரத்திலேயே நிற்கும் குதிரைக்கு இது சீக்கிரம் வரும். லாடம் ஆடுகிறதா, ஆணி வெளியே நீட்டுகிறதா என்று பார். ஆறு வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் எட்டு வாரத்துக்குள், லாடக்காரரைக் கூப்பிட்டுக் குளம்பைச் சீவியாக வேண்டும். அந்தக் காசை மிச்சம் பிடிக்க நினைக்காதே. நடக்கும்போது காதையும் தீட்டி வைத்துக்கொள். தார் ரோட்டில் நாலு குளம்பும் ஒரே தாளத்தில் விழும். ஒன்றின் சத்தம் மட்டும் மாறினால் நின்று பார்.

2. சேணம் போடுவதைவிடச் சேணத்தைக் கழற்றும்போது அதிகம் கற்றுக்கொள்ளலாம். சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் பார். வியர்வை எங்கும் ஒரே சீராக நனைத்திருந்தால் நல்லது. சுற்றிலும் ஈரமாக இருந்து நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால், அங்கே சேணம் அழுத்துகிறது. அந்த இடத்தில் வியர்வைகூட வரமுடியாத அளவுக்கு அழுத்தம். அன்றைக்கே சரிசெய்யாவிட்டால் அடுத்து வீக்கம், அப்புறம் புண். புண் ஆறினாலும் அங்கே முடி வெள்ளையாக முளைக்கும். பழைய குதிரைகளின் முதுகில் திட்டுத்திட்டாக வெள்ளை தெரிகிறதே, அது பிறவி நிறம் என்று நினைத்துவிடாதே. பலவற்றுக்கு யாரோ கவனிக்காமல் விட்டதன் அடையாளம் அது. சேணத்துக்கு அடியில் போடும் துணியைத் தினமும் உதறு. ஒரு சின்ன முள், காய்ந்த சேற்றுக்கட்டி போதும். மழையில் நனைந்த துணியை மறுநாள் அப்படியே போடாதே. மாற்றுத்துணி இல்லையென்றால் அன்றைக்குச் சவாரி வேண்டாம்.

3. வயிற்று வாரை இரண்டு முறை இறுக்கு. வாரைக் கட்டும்போது பல குதிரைகள் மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்தடி நடத்திவிட்டு மறுபடி பார்த்தால் வார் தொளதொளவென்று இருக்கும். அந்த இரண்டாவது இறுக்கல் இல்லாமல் ஆளை ஏற்றினால், ஒரு பக்கமாகச் சாய்ந்தவுடன் சேணமும் ஆளும் சேர்ந்து குதிரையின் வயிற்றுக்குக் கீழே போவார்கள்.

4. எடை. சண்டை வருவதே இதில்தான். அதனால் விரிவாகச் சொல்கிறேன். குதிரையின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் சேணத்தோடு சேர்த்து, அதற்குமேல் ஏற்றக்கூடாது என்பது குதிரைக்காரர்கள் பரவலாக ஒத்துக்கொள்கிற கணக்கு. 350 கிலோ இருக்கிற குதிரைக்கு 70 கிலோ. அதில் சேணமே எட்டு, பத்து கிலோ போய்விடும். நம் கரையில் நிற்கிற மட்டக்குதிரை 250 கிலோ இருந்தால் பெரிது. அதன்மேல் ஏறத்தக்கது பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான். பொதி சுமக்கும் பிராணிகளுக்கு மத்திய அரசு 1965-இல் போட்ட விதிகளிலும் மட்டக்குதிரைக்கு 70 கிலோதான் உச்சம்.

குடும்பத்தோடு வருகிறவர் "குழந்தை பயப்படுது, நானும் கூடவே உட்கார்ந்துக்கறேன்" என்பார். நியாயமாகத்தான் கேட்கிறார், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. "சார், இது ரெண்டு பேரைத் தாங்காது. பாப்பா உட்காரட்டும், நீங்க இந்தப் பக்கம் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வாங்க, நான் அந்தப் பக்கம் வர்றேன்" என்று சொல். பத்தில் எட்டுப் பேர் ஒத்துக்கொள்வார்கள். குழந்தைக்கும் அதுதான் பிடிக்கும். மீதி இரண்டு பேர் பக்கத்துக் குதிரைக்காரனிடம் போவார்கள். போகட்டும். பருமனான ஆளிடம் உடம்பைப் பற்றிப் பேசாதே. "இந்தக் குதிரை சின்னது" என்று குதிரைமேல் பழியைப் போடு. அவர் மனமும் நோகாது, குதிரையின் முதுகும் தப்பிக்கும்.

5. மேலே சொன்ன 1965 விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலும் பிராணியை வேலை வாங்கக்கூடாது. முள் வைத்த கடிவாளமும் கூடாது. மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் இதையெல்லாம் யாரும் உனக்கு நினைவூட்ட மாட்டார்கள். நீயே மணி பார்த்துக்கொள். என்னைக் கேட்டால் ஐந்து மணி நேரமே அதிகம். மூன்று, நான்கு சுற்றுக்கு ஒரு தடவை வாரைத் தளர்த்தித் தண்ணீர் காட்டி, அரை மணியாவது நிழலில் நிறுத்த வேண்டும்.

6. ஆளை ஏற்றுவதற்கு முன் காலைப் பார். செருப்பா, ஷூவா? செருப்பு வழுக்கி அங்கவடிக்குள் கால் முழுசாக நுழைந்து மாட்டிக்கொண்டால், விழுகிறவரைக் குதிரை இழுத்துக்கொண்டே போகும். பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் இருக்க வேண்டும், குதிகால் கீழ்நோக்கி. இதை நீயே கையால் வைத்துக் காட்டு. வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை. துப்பட்டாவை முடிந்துகொள்ளச் சொல். தோள்பையை வாங்கிக் கீழே இருப்பவரிடம் கொடு. பிள்ளைகளுக்கு ஹெல்மெட் இல்லாமல் ஏற்றாதே. மேட்டில் ஏறும்போது உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும், இறங்கும்போது பின்னால். அதையும் அந்தந்த இடம் வந்ததும் சொல். கிளம்பும்போது மொத்தமாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

7. நீ நடக்க வேண்டிய இடம் குதிரையின் இடது தோள் பக்கம். முன்னால் போய் இழுக்காதே. மிரண்டு பாய்ந்தால் உன்மேல்தான் பாயும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மடித்துப் பிடி. குதிரை ஒரு வெட்டு வெட்டினால் சுற்றிய கயிறு விரலை எடுத்துக்கொண்டு போய்விடும்.

8. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் எதிரில் மிகக் கிட்டத்திலும் மட்டும் அதற்குப் பார்வை இல்லை. பின்னாலிருந்து யாராவது தொட்டால் உதைப்பது அதன் குற்றமா? கார் நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் வாலைப் பிடிக்க ஓடி வருவார்கள்; அப்போது உன் கண் குதிரைமேல் இருக்கக் கூடாது, பிள்ளைகள்மேல் இருக்க வேண்டும். வரிசையாகப் போகும்போது முன்குதிரைக்கும் உன் குதிரைக்கும் நடுவில் ஒரு குதிரை நீளம் இடைவெளி விடு. காது இரண்டும் பின்னால் படிந்தால் அது கோபம். ஒரே திசையில் விறைத்து நின்றால் எதையோ பார்த்துவிட்டது என்று பொருள். டக்கென்று விரிக்கிற குடை, காற்றில் பறக்கிற பிளாஸ்டிக் பை, முகத்துக்கு நேரே நீட்டுகிற செல்ஃபி குச்சி, வளைவில் ஏர் ஹாரன் அடிக்கிற பஸ், பெல் அடித்துக்கொண்டு வருகிற வாடகை சைக்கிள். நம் ரோட்டில் மிரட்டுகிற சாமான் இவ்வளவுதான். தூரத்திலேயே பார்த்துவிட்டால் பாதி ஆபத்து போச்சு.

9. "அண்ணே, கொஞ்சம் ஓட விடுங்கண்ணே" என்று காலேஜ் பையன்கள் கேட்பார்கள், கூடக் காசும் நீட்டுவார்கள். ஓட விடாதே. நனைந்த தாரில் இரும்பு லாடம் வழுக்கும். குடித்துவிட்டு வந்தவரையும் ஏற்றாதே.

10. சாயங்காலம் காட்டோரப் பாதையில் குதிரை திடீரென்று நின்று காதை விறைத்தால் தட்டி ஓட்டாதே. காட்டெருமையாக இருக்கலாம். இந்த ஊரில் அவை வீட்டு வாசல் வரைக்கும் வருகின்றன. பழகியது போலத் தெரியும், பழகியவை கிடையாது. உனக்கு முன்னால் குதிரைக்கு வாடை தெரிந்துவிடும். கத்தாமல், ஆளைக் கீழே இறக்காமல், மெதுவாகத் திருப்பி வந்த வழியே போ. போட்டோ எடுக்க நிற்கச் சொன்னாலும் நிற்காதே. பனி இறங்கி எதிர்வண்டி தெரியாமல் போனால் சவாரியைப் பாதியில் முடித்துக்கொள், முழுக்காசு கேட்காதே.

11. சோளக்கதிர் தின்று முடித்த சக்கையை, பன்னை, பஜ்ஜியை அன்போடு குதிரை வாயில் வைக்க வருவார்கள். தடு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கெட்டதென்றாலும் குடல் வழியே போய்த்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் உயிர் போகும். முன்காலால் தரையைப் பறிப்பது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, சாணம் போடாதது: இதில் ஒன்றைப் பார்த்தாலும் தீவனத்தை நிறுத்திவிட்டு மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிடு. கை வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதே. வருகிறவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கேரட் கொடுக்கச் சொல். நம் மலையில் அதற்கா பஞ்சம்? வட்ட வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் கீறிக் கொடுக்க வேண்டும், வட்டத்துண்டு தொண்டையில் அடைக்கும். கொள்ளை ஊற வைத்து அல்லது வேக வைத்துப் போடு. ஆனால் வயிறு நிறைய வேண்டியது புல்லில்தான். கொள்ளை மட்டும் கொட்டிவிட்டுப் புல்லைக் குறைப்பவன் வீட்டில்தான் வயிற்றுவலி அடிக்கடி வரும்.

12. ரண ஜன்னி ஊசி குதிரைக்கும் போடு, நீயும் போட்டுக்கொள். வீட்டுப் பிராணிகளில் இந்த நோய்க்கு மிக எளிதில் பலியாவது குதிரைதான். ஒரு துருப்பிடித்த ஆணி போதும்.

13. சாணத்தை அள்ளு. சாக்கும் முறமும் குதிரையோடு போக வேண்டிய சாமான்கள். மழை பெய்தால் அத்தனையும் ஏரிக்குள்தான் போகும். அந்த ஏரியைப் பார்க்க வருகிறவர்களை நம்பித்தான் நாம் இருக்கிறோம்.

14. சொந்தக் குதிரை வாங்கும் நாள் வரும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போ, வாங்காவிட்டாலும் போ. அங்கே பெரியவர்கள் சுழி பார்ப்பார்கள்: நெற்றியில் எத்தனை, கழுத்தில் எங்கே என்று. அவர்களோடு வாதாடாதே, பக்கத்தில் நின்று கேட்டுக்கொள். ஆனால் நீ பார்க்க வேண்டியது காலும் பல்லும். ஐந்து வயதில் குதிரைக்குப் பல் முழுசாக விழுந்து முளைத்திருக்கும். அதற்கு முன்னால் முதுகெலும்பு முற்றியிருக்காது. இளங்குட்டியை விலை மலிவு என்று வாங்கி ஆள் ஏற்றினால் சில வருஷத்தில் முதுகு போய்விடும். கெட்டியான சமதரையில் நடக்க விட்டுப் பார். நொண்டுகிற குதிரை வலிக்கிற முன்கால் தரையில் பட்டதும் தலையைத் தூக்கும். பளபளப்பான ஜாதிக்குதிரை நமக்கு வேண்டாம். கூட்டத்தில், சத்தத்தில், தூங்குகிற மாதிரி நிற்கிற குதிரைதான் நம் தொழிலுக்கு லட்சணம்.

15. குதிரை இருபத்தைந்து வருஷம்கூட வாழும். அவ்வளவு நாளும் ஆள் சுமக்க முடியாது. நடை தளர்ந்ததும் ரோட்டில் அவிழ்த்துவிடுகிறவர்கள் உண்டு. ராத்திரி அது குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக்கைத் தின்கிறது, இல்லையென்றால் பனியில் லாரியில் அடிபடுகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அத்தனை வருஷம் நம் வீட்டு உலையில் அரிசி போட்டது அந்த முதுகு. புதிதாக வருகிற உங்கள் தலைமுறையாவது இதை நிறுத்துங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். சீசனில் வருகிற ஒவ்வொரு நாள் வசூலிலும் ஒரு பங்கைக் குதிரைப் பேரில் தனியாக எடுத்து வை. மழைக்காலத்தில் கரையில் ஒரு ஆள்கூட வராத வாரங்களில் அதற்குப் புல் அதில் வரும், லாடக்காசு அதில் வரும், கிழடான பிறகு நிற்க ஒரு கொட்டகையும் அதில்தான் வர வேண்டும். தனியாக முடியாவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து மலைக்குக் கீழே கொஞ்சம் நிலத்தை வாடகைக்குப் பிடியுங்கள். இப்போதே பேச்சை எடுங்கள்.