தெளிப்பு நுரையும் குளிர்நாட்டு வீடும்

கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மின்னசோட்டா முதலிய வடபகுதிகளிலும் வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் ஆனவை. பனிக்காலத்தில் உள்வெப்பம் வெளியேறாவண்ணம் அவற்றின் சுவரிலும் கூரையிலும் நுரை தெளிப்பது ஒரு முறையாகும். அந்நுரை பாலியூரிதேன் என்னும் பொருள். ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஓட்டோ பேயரும் அவர்தம் துணைவரும் 1937இல் கண்டது. இரு திரவங்கள் தெளிகருவியின் முனையிற் கலந்து, பட்ட இடத்திற் பொங்கி இறுகும்.

இது திறந்த அறை நுரை, மூடிய அறை நுரை என இருவகைப்படும். முன்னதன் நுண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்திருத்தலால் அது கடற்பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும். கன மீட்டருக்குச் சுமார் 8 கிலோகிராம் எடையுள்ளது. பின்னதன் அறைகள் அடைபட்டு, வெப்பத்தை மந்தமாய்க் கடத்தும் வாயுவைக் கொண்டிருக்கும். எடை சுமார் 32 கிலோகிராம். தடிப்பு ஒத்திருப்பின் பின்னது ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். விலையும் அதிகம்.

இவ்வளவே கருதி, பொருளுடையார் பின்னதையும் ஏனையோர் முன்னதையும் கொள்க என்பது நிரம்பிய தீர்ப்பு ஆகாது. முதற்கண் ஆராயத்தக்கது நீராவியின் போக்கே. சமையலாலும் நீராட்டாலும் மூச்சாலும் வீட்டுக்காற்றில் நீராவி மிகுகின்றது. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே துளி அரும்புதலைக் காண்கிறோமன்றோ? அதுபோலவே, திறந்த அறை நுரையை ஊடுருவிச் செல்லும் நீராவி, பனியாற் குளிர்ந்த கூரைப்பலகையிற் பட்டு நீராகும். ஆண்டுதோறும் இது நிகழின் பலகை உளுத்துப்போம். மூடிய அறை நுரையோ, 2 அங்குலத் தடிப்பிலேயே நீராவியைப் பெரிதும் தடுத்துவிடும். ஆதலின் அந்நாடுகளில் கூரைப்பலகையின் அடியில் மூடியதே தக்கது. திறந்ததைக் கொள்ளின், அதன் உட்புறத்தே நீராவித் தடையொன்று அமைத்தல் வேண்டும். அறைகளை இடையே பிரிக்கும் உட்சுவர்களில், ஓசையைத் தணித்தற்குத் திறந்ததே போதும்.

மூடியதற்கும் குறையுண்டு. மேலிருந்து மழைநீர் ஒழுகினால், அது கசிவை மறைத்துவிடும். நனைந்த பலகை அப்பக்கமாய் உலர்தலும் அரிது. அதில் முன்னர் வழங்கிய ஹைட்ரோபுளோரோகார்பன் வாயுக்கள், எடைக்கு எடை, கரியமில வாயுவினும் பன்னூறு மடங்கு பூமியை வெப்பமுறுத்துவன. அவற்றைக் குறைக்க 2016இல் கிகாலி நகரில் உலகநாடுகள் உடன்பட்டன.

இருவகையும் தீப்பற்றுவன; ஆகவே உள்ளே ஜிப்சம் பலகையால் மூடுதல் அவசியம். தெளிக்குங்கால் எழும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை விளைவிக்கும். தொழிலாளிக்குத் தூய காற்றூட்டும் முகமூடி இன்றியமையாதது.

எனவே, வீடு கட்டுவோர் எந்நுரை சிறந்ததென வினவுமுன், இவ்விடத்தில் நீர் எவ்வழி வரும், எவ்வழி உலரும் என வினவுக. அதற்கு விடை கிடைப்பின் தெரிவு எளிதாம்.