படுத்துக் கிடக்கும் வீடியோ: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நிமிர்த்திப் பிடித்த செல்போனில் எடுத்த கல்யாண வீடியோ, அந்தப் போனில் பார்க்கும்போது சரியாகவே ஓடுகிறது. அதையே பென் டிரைவில் ஏற்றிப் பழைய டிவியில் போட்டால் மாப்பிள்ளை, பெண், நாதஸ்வரக் குழு எல்லோரும் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறார்கள். கோப்பு ஒன்றுதான், எதுவும் அழியவில்லை, கெடவும் இல்லை. ஆனாலும் போன் கெட்டுவிட்டது, எடுத்தவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை, ஏதோ செட்டிங்ஸ் மாறிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுகிறது. அவற்றில் சில முழுத் தவறு, சில பாதி உண்மை.

“போனை நிமிர்த்திப் பிடித்தால் வீடியோவும் நிமிர்ந்தே பதிவாகும்”

பதிவாவதில்லை. மற்ற எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இந்த நம்பிக்கைதான். கேமராவுக்குள் இருக்கும் சென்சார் ஒரு செவ்வகச் சில்லு. அதன் நீளப் பக்கம் போனின் நீளப் பக்கத்தை ஒட்டி வரும்படி பொருத்தப்படுவதே வழக்கம். சென்சார் படத்தை வாசிப்பது அந்த நீளப் பக்கத்தின் வழியே, வரிவரியாக. போனை நிமிர்த்தினால் சென்சாரும் கூடவே நிமிர்கிறது. அது வாசித்துத் தரும் படமோ அகலம் 1920, உயரம் 1080 என்ற படுக்கைவசச் சட்டத்துக்குள் சாய்ந்து கிடக்கிறது. பெரும்பாலான போன்கள் அந்தப் படத்தைச் சாய்ந்தபடியே சுருக்கிச் சேமிக்கின்றன. கூடவே, ‘காட்டும்போது 90 டிகிரி திருப்பிக் காட்டு’ என்று ஒரு திசைக்குறிப்பையும் கோப்பில் எழுதிவைக்கின்றன.

எம்பி4, எம்ஓவி கோப்புகளில் இந்தக் குறிப்புக்கென்றே ஓர் இடம் உண்டு. வீடியோ தடத்தின் தலைப்பில், மூன்றுக்கு மூன்று கட்டங்கள் கொண்ட ஓர் அணியாக, ஒன்பது எண்கள். ஒவ்வொன்றும் 4 பைட், ஆக மொத்தம் 36 பைட். ஆப்பிள் நிறுவனம் 1991இல் வெளியிட்ட குவிக்டைமின் கோப்பு வடிவத்திலிருந்து எம்பி4 பெற்ற சொத்து இது.

போனே படத்தைத் திருப்பிச் சேமித்தால் என்ன என்று கேட்கலாம். 1920×1080 அளவுள்ள ஒரு சட்டத்தில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 30 சட்டம் என்றால் ஏறக்குறைய 6.2 கோடிப் புள்ளிகளை இடம் மாற்ற வேண்டும். 4கே வீடியோவில் அது கிட்டத்தட்ட 24.9 கோடி. அதற்கு பேட்டரியும் செலவாகும், சூடும் ஏறும். 36 பைட் எழுதுவதற்கோ செலவென்று எதுவும் இல்லை. போன் செய்பவர்கள் மலிவான வழியைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

“ஓரிடத்தில் சாய்ந்து தெரிந்தால் கோப்பே கெட்டது என்று பொருள்”

பெரும்பாலும் குறை, போட்டுக் காட்டும் கருவியிடமோ மென்பொருளிடமோதான் இருக்கிறது. திசைக்குறிப்பைப் படிக்கும் பிளேயர் படத்தை நிமிர்த்திக் காட்டும். படிக்காதது உள்ளதை உள்ளபடி, சாய்ந்த நிலையிலேயே காட்டும். விண்டோஸ் 7இல் இருந்த மீடியா பிளேயர் அதைப் படிக்காத வகை. விஎல்சி பிளேயர் தானாகவே படித்துத் திருப்பத் தொடங்கியது 2015 பிப்ரவரியில் வந்த 2.2 பதிப்பிலிருந்து. இன்றைய போன்களும் பிரவுசர்களும் படித்துவிடுகின்றன. பழைய டிவிகள், கார்களில் உள்ள திரைகள், சில எடிட்டிங் மென்பொருள்கள் ஆகியவற்றில்தான் இன்னும் வம்பு.

ஆகவே வீடியோவில் கைவைப்பதற்கு முன்னால் அதே கோப்பை இன்னொரு பிளேயரில் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் சாய்ந்தும் ஓடினால் குறிப்பு சரியாகவே இருக்கிறது, இரண்டாவது பிளேயர் அதைப் படிக்கவில்லை என்று அர்த்தம். எல்லாவற்றிலும் சாய்ந்தே ஓடினால் குறிப்பே தவறாகப் பதிந்திருக்கிறது.

வன்பொருள் காரணமாக இருந்த கதையும் ஒன்று உண்டு. கூகுளுக்காக எல்ஜி தயாரித்து 2015இல் வெளிவந்த நெக்சஸ் 5எக்ஸ் போனில், சென்சார் வழக்கத்துக்கு நேர் எதிராகத் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. போனுடன் வந்த கேமரா ஆப்புக்கு அது தெரியும். எல்லாப் போனிலும் சென்சார் ஒரே வாக்கில்தான் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட வேறு பல ஆப்களில் படம் தலைகீழாக வந்தது. அங்கேயும் சென்சாரைக் குறை சொல்ல முடியாது. அது எந்த வாக்கில் இருக்கிறது என்று கேட்காத ஆப்தான் பிழை.

“ஆட்டோ ரொட்டேட் ஆனில் இருந்தால் வீடியோ சாயாது”

ஆட்டோ ரொட்டேட் என்பது திரை திரும்புவதற்கான பொத்தான். அதை அணைத்துவைத்தாலும் ஐபோனின் கேமரா போன் பிடித்த வாக்கைத் தனியாக அறிந்து பதிகிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் அப்படியே. அறிவதற்கு உதவுவது முடுக்கமானி என்ற உணரி. அது புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அளக்கிறது. போன் நிமிர்ந்து நின்றால் 9.8 மீ/நொடி² என்ற ஈர்ப்பளவு அதன் நீளவாக்கில் விழும். படுக்கைவசமாகப் பிடித்தால் குறுக்குவாக்கில் விழும்.

இந்த முறைக்கு ஒரு குருட்டு இடம் உண்டு. வாசல் கோலத்தையோ இலையில் பரிமாறிய சாப்பாட்டையோ நேர் மேலிருந்து எடுக்கும்போது போன் தரைக்கு இணையாகத் தட்டையாக இருக்கிறது. அப்போது ஈர்ப்பு முழுவதும் திரையைத் துளைத்துக் கீழே போகும் திசையில் விழுகிறது. நீளத்திலும் குறுக்கிலும் அளவு ஏறக்குறைய பூஜ்யம். எது மேல்பக்கம் என்று உணரிக்கு உண்மையிலேயே தெரியாது. ஆண்ட்ராய்டில் இந்த நிலைக்கு ‘தெரியவில்லை’ என்றே ஒரு விடை வைத்திருக்கிறார்கள். ஆப் தனக்குக் கடைசியாகத் தெரிந்த திசையையே எழுதிவிடும். கோல வீடியோக்களும் சமையல் வீடியோக்களும் அடிக்கடி சாய்ந்து வருவதற்குக் காரணம் இதுவே. போனை முதலில் வேண்டிய வாக்கில் நிமிர்த்திப் பிடித்து, திரையில் உள்ள ஐகான்கள் அதற்கேற்பத் திரும்பியதைப் பார்த்துவிட்டு, மெல்லக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பதிவைத் தொடங்கினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

“நடுவில் போனைத் திருப்பினால் வீடியோவும் திரும்பிக்கொள்ளும்”

திரும்பாது. ஆண்ட்ராய்டின் வழக்கமான பதிவு முறையில் 0, 90, 180, 270 ஆகிய நான்கு கோணங்களில் ஒன்றைப் பதிவு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். திசைக்குறிப்பும் தடம் முழுமைக்கும் ஒன்றே ஒன்றுதான்; நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றி எழுத அதில் இடமில்லை. நிமிர்த்தித் தொடங்கி, ஊர்வலம் வந்ததும் போனைப் படுக்கவைத்தால், அந்த நொடியிலிருந்து ஊர்வலம் சாய்ந்தே போகும். இப்படி ஆனதை மீட்க, திரும்பிய இடத்தில் வீடியோவை வெட்டி, இரண்டாம் துண்டை மட்டும் திருப்பி, எடிட்டரில் ஒட்டி, புதிதாக வெளியெடுக்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

“வால்யூம் பட்டன் கீழே வரும்படி பிடிக்க வேண்டும்”

ஐபோன்காரர்களிடையே உலவிய இந்த அறிவுரை மூடநம்பிக்கை போலத் தோன்றினாலும் அதில் உண்மை உண்டு. ஐபோனைப் படுக்கைவசமாக, வால்யூம் பட்டன்கள் கீழ்ப்புறம் வரும்படி பிடிப்பதே சென்சாரின் இயல்பான வாக்கு. அப்போது திருப்ப வேண்டிய கோணம் 0. பட்டன்கள் மேலே வரும்படி பிடித்தால் 180 டிகிரி திருப்பச் சொல்லும் குறிப்பு எழுதப்படும். குறிப்பைப் படிக்காத பிளேயரில் முதலாவது நேராக ஓடும், இரண்டாவது தலைகீழாக ஓடும். பழைய கம்ப்யூட்டருக்கோ டிவிக்கோ அனுப்புவதாக இருந்தால் இன்றும் இதைக் கடைப்பிடிக்கலாம்.

“திருப்பினால் தரம் குறைந்துவிடும்”

எப்படித் திருப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. வழி இரண்டு. குறிப்பை மட்டும் மாற்றுவது முதல் வழி. படத்தின் ஒரு புள்ளியும் தொடப்படாது, ஒரு மணி நேர வீடியோவும் நொடிகளில் முடியும், தரம் துளியும் குறையாது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் படத்தை நகல் எடுக்கச் சொல்லிக் குறிப்பை மட்டும் மாற்றலாம். புள்ளிகளையே திருப்பி, வீடியோவை மறுபடி சுருக்கிச் சேமிப்பது இரண்டாவது வழி. இதற்கு நேரம் பிடிக்கும். மறுபடி சுருக்குவதால் தரமும் சற்று குறையும், போதிய பிட்ரேட் (நொடிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில்.

அப்படியானால் முதல் வழிதானே சிறந்தது? கோப்பைப் பார்க்கப்போவது குறிப்பைப் படிக்கத் தெரிந்த கருவி என்றால், ஆம். படிக்காத பழைய டிவிக்கு என்றால் குறிப்பை எத்தனை முறை மாற்றியும் பயனில்லை. இரண்டாவது வழி ஒன்றே உதவும். வீடியோ எங்கே ஓடப்போகிறது என்று கேட்காமல் சொல்லப்படும் எந்தப் பரிகாரமும் அரைகுறையானது.

அன்றாடத் தேவைக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் ஐபோனின் போட்டோஸ் ஆப்பிலேயே எடிட்டைத் தொட்டு வீடியோவைத் திருப்பலாம். பிடிக்காவிட்டால் அசலுக்குத் திரும்பவும் முடியும். ஆண்ட்ராய்டில் கூகுள் போட்டோஸின் எடிட் பகுதியில், கிராப் என்பதற்குள் திருப்பும் பொத்தான் இருக்கிறது. மேக் கம்ப்யூட்டரில் குவிக்டைம் பிளேயரின் எடிட் மெனு போதும்.

விஎல்சியில் மட்டும் பலர் ஏமாறுவதுண்டு. டூல்ஸ் மெனுவில் எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ், அதற்குள் வீடியோ எஃபெக்ட்ஸ், ஜியாமெட்ரி, டிரான்ஸ்ஃபார்ம் என்று போய் 90 டிகிரி கொடுத்தால் படம் திரையில் நிமிரும். அது அந்தப் பிளேயரில் பார்ப்பதற்கு மட்டும். கோப்பு இருந்தபடியே இருக்கும். நண்பருக்கு அனுப்பினால் அங்கே பழையபடி சாய்ந்தே ஓடும்.

இன்னொரு சிக்கல், இரட்டைத் திருப்பம். சில மென்பொருள்கள் புள்ளிகளைத் திருப்பிவிட்டு, பழைய குறிப்பையும் அழிக்காமல் விட்டுவிடுகின்றன. குறிப்பைப் படிக்கும் பிளேயர் மேலும் 90 டிகிரி திருப்புகிறது. போனில் கோணலாகவும் பழைய டிவியில் நேராகவும் ஒரு வீடியோ ஓடினால், இதுதான் நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அப்போது குறிப்பை 0 ஆக்கினால் போதும்.

“செல்ஃபி வீடியோவில் எழுத்து இடவலமாக மாறுவதும் இதே கோளாறு”

இது வேறு. முன்கேமராவில் பார்த்துக்கொள்ளும்போது தெரிவது கண்ணாடி பிம்பம். போனும் அமைப்பும் பொறுத்து, சேமிக்கப்படுவது அந்தப் பிம்பமாகவும் இருக்கலாம், நேர்ப்படமாகவும் இருக்கலாம். எத்தனை டிகிரி சுழற்றினாலும் கண்ணாடி பிம்பம் நேர்ப்படம் ஆகாது. எடிட்டரில் ஃபிளிப் அல்லது மிரர் என்ற தனிப் பொத்தானைத் தேட வேண்டும்.

“நெட்டுக்குத்தான வீடியோவைத் திருப்பினால் கறுப்புப் பட்டைகள் போய்விடும்”

பட்டைகள் போகும், மனிதர்கள் படுத்துவிடுவார்கள். நிமிர்த்தி எடுத்த வீடியோவுக்கும் டிவித் திரைக்கும் உள்ள பொருத்தமின்மை திசையால் வந்ததல்ல, வடிவத்தால் வந்தது. திருப்பி அதைத் தீர்க்க முடியாது. திரை நிறைய வேண்டுமென்றால் மேலும் கீழும் வெட்டியாக வேண்டும். 1080 அகலமும் 1920 உயரமும் கொண்ட படத்திலிருந்து டிவித் திரையின் 16:9 வடிவத்தை வெட்டியெடுத்தால் உயரத்தில் ஏறக்குறைய 608 புள்ளிகளே மிஞ்சும். எடுத்த படத்தில் 32 சதவீதம்கூடத் தேறாது.