சொல்லைப் பிரித்து அறிதல்

நாகபுரியில் பத்தாம் வகுப்பில் பயிலும் தமிழ் மாணவி ஒருத்தி, ஆங்கிலத் தேர்வுக்காக நாள்தோறும் 20 அருஞ்சொற்களை மனப்பாடம் செய்துவந்தாள். ஆயினும் தேர்வில் ‘பெனெவலன்ட்’ என்பதற்குத் ‘தீமையை விரும்பும்’ என்றும், ‘மெலெவலன்ட்’ என்பதற்கு ‘நன்மையை விரும்பும்’ என்றும் மாற்றி எழுதிவிட்டாள். பொருள்கள் நினைவில் இருந்தன; எது எதற்குரியது என்பதே மறந்துபோயிற்று.

அதே மாணவி, தமிழ் வகுப்பில் ‘படித்தாள்’ என்னும் சொல்லைப் படி + த் + த் + ஆள் எனத் தடையின்றிப் பிரிப்பாள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் கூறும் பகுபத உறுப்புகள் ஆறும் அவளுக்குத் தெரியும். தேர்வுக்கு மட்டுமே உதவும் இலக்கணம் என்று அதனை அவள் எண்ணியிருந்தாள்.

ஆங்கில அருஞ்சொற்களுள் பல இலத்தீன், கிரேக்க மொழிகளிலிருந்து வந்தவை. அவற்றையும் பிரிக்கலாம். இலத்தீனில் ‘பெனே’ என்பது நன்றாக. ‘மாலே’ என்பது தீதாக. ‘வோலென்ஸ்’ என்பது விரும்புகின்ற. இவ்வளவு தெரிந்தால் அவள் குழம்பிய இரு சொற்களும் தெளிவாகும். செய்தலைக் குறிக்கும் ‘ஃபாக்’ என்னும் பகுதியையும் அறிந்துகொண்டால், ‘பெனிஃபாக்டர்’ நன்மை செய்பவர், ‘மேலிஃபாக்டர்’ தீமை செய்பவர் என்பது அகராதியைப் புரட்டாமலே விளங்கும். கிரேக்கத்தில் ‘டெலி’ என்பது தொலைவு. ‘ஸ்கோப்’ என்பது நோக்குதல். ‘தொலைநோக்கி’ என்னும் தமிழ்ச்சொல்லும் அவ்வுறுப்புகளுக்கு நேராகவே அமைந்திருக்கிறது.

ஆனால், பகுதியின் பொருளே சொல்லின் பொருள் என்று முடிவு கட்டுதல் தவறு. ‘மானுஃபாக்சர்’ என்பதில் ‘மானு’ கையைக் குறிக்கும். கையால் செய்தல் என்பதே பழம்பொருள். இன்றோ பொறிகளால் பெருமளவில் செய்வதற்கே அச்சொல் மிகுதியும் வழங்குகிறது. இதில் வியப்பில்லை. எள் + நெய் என்பதே எண்ணெய். நாமோ கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்கிறோம். மண்ணெண்ணெயில் எள் ஏது? எனவே, பிரித்து ஊகித்த பொருளை அச்சொல் வரும் வாக்கியத்தில் பொருத்திப் பார்த்த பின்னரே ஏற்றல் வேண்டும்.

பயிற்சி

1. ‘மைக்ரோ’ என்பது சிறியது எனப் பொருள்படும். ‘மைக்ரோஸ்கோப்’ என்பதற்குரிய தமிழ்ச்சொல்லை எழுதுக.

2. ‘நாற்றம்’ என்னும் சொல் முற்காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. இன்று அது எதனைக் குறிக்கிறது? இவ்வாறு பொருள் மாறிய வேறொரு சொல்லை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.