குடித்துவிட்டு ஓட்டிய வழக்குக்குப் பிறகு கார் இன்ஷூரன்ஸ்: அமெரிக்காவில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் கார் இல்லாவிட்டால் அலுவலகம் போய்ச் சேர முடியாது. அங்கே குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால் அபராதம், வகுப்பு, நீதிமன்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவையெல்லாம் முடிந்த பிறகும் விடாமல் தொடர்வது இன்ஷூரன்ஸ் சிக்கல். பிரீமியம் ஏறத்தான் செய்யும். ஆனால் அது எவ்வளவு ஏறும், உங்கள் வேலையைத் தொடுமா என்பது இனி நீங்கள் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது. எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பாலிசி ஒரு நாள்கூட அறுபடக் கூடாது.

முதல் வேலை: கெடுவைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் கைதானவரின் லைசென்ஸைப் போலீஸ் வாங்கிக்கொண்டு, 30 நாளுக்குச் செல்லும் தற்காலிகத் தாளைக் கொடுக்கும். லைசென்ஸ் முடக்கத்தை எதிர்த்து மாநில வாகனத் துறையான டி.எம்.வி.யிடம் விசாரணை கேட்க 10 நாள்தான் அவகாசம். நீதிமன்ற வழக்கு வேறு, இது வேறு. வழக்கு தேதி வரட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கெடு போய்விடும்.

எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் குடிவரவு வழக்கறிஞரையும் உடனே பாருங்கள். தண்டனை வரும்வரை காத்திருக்காமல், கைதானதை வைத்தே வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். அதனால் மட்டும் நாட்டுக்குள் தங்கி வேலை செய்யும் உரிமை போய்விடாது. ஆனால் ஊருக்குப் போனால், திரும்பி வரப் புதிய விசா வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள். வழக்கறிஞரிடம் பேசாமல் டிக்கெட் போடாதீர்கள்.

எஸ்.ஆர்.-22 என்பது என்ன?

பல மாநிலங்களில் லைசென்ஸைத் திரும்பப் பெற இது வேண்டும். இது தனி இன்ஷூரன்ஸ் அல்ல. ‘இவரிடம் சட்டப்படி வேண்டிய பாலிசி இருக்கிறது’ என்று கம்பெனி மாநில அரசுக்கு அனுப்பும் சான்று. கலிஃபோர்னியாவில் பொதுவாக 3 ஆண்டு, டெக்சாஸில் 2 ஆண்டு இதை வைத்திருக்க வேண்டும். ஃப்ளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும் இந்தக் குற்றத்துக்கு எஃப்.ஆர்.-44 என்ற கடுமையான சான்று உண்டு. அதற்கு அதிகத் தொகைக்குப் பாலிசி எடுக்க வேண்டும். நியூயார்க்கில் எஸ்.ஆர்.-22 முறையே கிடையாது. உங்கள் மாநிலத்தில் எது, எத்தனை ஆண்டு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தவணை தவறிப் பாலிசி நின்றால், கம்பெனி அதையும் அரசுக்குத் தெரிவிக்கும். லைசென்ஸ் மறுபடி முடங்கும். தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும்படி செய்துவிடுங்கள். கம்பெனி மாற வேண்டுமானால், புதிய கம்பெனியின் சான்று அரசிடம் பதிவான பிறகு பழைய பாலிசியை நிறுத்துங்கள்.

பாலிசியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

• இருக்கிற கம்பெனியிடம் முதலில் கேளுங்கள். எல்லாக் கம்பெனியும் எஸ்.ஆர்.-22 அனுப்புவதில்லை. சில கம்பெனிகள் புதுப்பிக்கும்போது கைவிரித்துவிடும்.

• பல கம்பெனிகளின் பாலிசிகளை விற்கும் ஏஜென்ட்டிடம் போங்கள். இப்படிப்பட்ட ஓட்டுநர்களை ஏற்கும் கம்பெனிகள் எவை என்பது அவருக்குத் தெரியும். குறைந்தது மூன்று விலை வாங்குங்கள். மூன்றிலும் காப்புத் தொகையும் டிடக்டிபிளும் (சேதத்தில் நீங்களே ஏற்கும் பங்கு) ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

• எங்கும் கிடைக்கவில்லையா? கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில், பாலிசி கிடைக்காத ஓட்டுநர்களைக் கம்பெனிகளுக்குப் பங்கிட்டுத் தரும் திட்டம் உண்டு. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

• செலவைக் குறைக்க, பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பை வெட்டாதீர்கள். கலிஃபோர்னியாவில் 2025 முதல் குறைந்தபட்சக் காப்பு, ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் காயங்களுக்கு மொத்தம் 60,000, பொருள் சேதத்துக்கு 15,000. அமெரிக்க மருத்துவமனைச் செலவுக்கு இது போதாது. மீதி உங்கள் சேமிப்பிலிருந்து போகும். அதற்குப் பதில் உங்கள் காருக்கான டிடக்டிபிளை உயர்த்துங்கள். பழைய காரென்றால் அதன் சேதக் காப்பு தேவையா என்று கணக்குப் பாருங்கள்.

• காரை விற்றுவிட்டீர்களா? சொந்தக் கார் இல்லாதவருக்கென்று ‘நான்-ஓனர்’ பாலிசி இருக்கிறது. எஸ்.ஆர்.-22 தொடர அது போதும், செலவும் பொதுவாகக் குறைவு.

மறைக்காதீர்கள்

மனைவி பெயருக்கோ கணவர் பெயருக்கோ காரை மாற்றினால் தப்பிக்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். வீட்டில் லைசென்ஸ் உள்ள எல்லோரையும் கம்பெனி கேட்கும். ஓட்டுநர் பதிவையும் எடுத்துப் பார்க்கும். பொய் சொல்லி வாங்கிய பாலிசி, விபத்து நடந்த அன்று செல்லாமல் போகலாம். உங்களை ‘விலக்கப்பட்ட ஓட்டுநர்’ என்று எழுதிக் கொடுத்தால் குடும்பத்தின் பிரீமியம் குறையலாம். ஆனால் அந்தக் காரை நீங்கள் தொடவே கூடாது.

அலுவலகத்தில்

அலுவலக வண்டி ஓட்டுபவர் என்றால், கைதானதைத் தெரிவிக்க வேண்டுமா என்று பணி விதிகளைப் படியுங்கள். புதிய வேலைக்கான படிவத்தில் கேட்பது கைதா, தண்டனையா என்று கவனித்து, கேட்டதற்கு உண்மையான பதில் எழுதுங்கள். வேலைக்காக வேறு மாநிலம் போனாலும் பழைய மாநிலத்துக்கான எஸ்.ஆர்.-22 கடமை தீராது. புதிய இன்ஷூரன்ஸ் கம்பெனி பழைய மாநிலத்துக்குச் சான்று அனுப்புமா என்று கேட்டுவிட்டு வீடு மாறுங்கள்.

ஆண்டுதோறும் விலை கேளுங்கள்

கலிஃபோர்னியாவில் நல்ல ஓட்டுநருக்குக் குறைந்தது 20 சதவீதத் தள்ளுபடி தர வேண்டும் என்பது சட்டம். இந்தத் தண்டனை பெற்றவருக்கு 10 ஆண்டுக்கு அது கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு கம்பெனியின் கணக்கும் வேறு. புதுப்பிக்கும் முன் ஆண்டுதோறும் புது விலை கேளுங்கள். எஸ்.ஆர்.-22 காலம் முடிந்ததா என்பதை டி.எம்.வி.யிடம் உறுதி செய்த பிறகே அதை நீக்கச் சொல்லுங்கள்.

கலிஃபோர்னியாவில் 10 ஆண்டுக்குள் மறுபடி பிடிபட்டால், அது இரண்டாம் குற்றமாகி தண்டனை கடுமையாகும். அதைவிடப் பெரிது, சாலையில் எதிரே வருபவரின் உயிர். குடிக்கப் போகும் நாளில் காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வர ஆகும் டாக்சிக் கட்டணம், ஏறிப்போன ஒரு மாதப் பிரீமியத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.