ஒரு கல், ஒரு தொட்டி

தேவரா, கொச்சி

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. திருக்குறளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று ஏஐ உதவியாளரிடம் மூன்று முறை கேட்டாயாம், மூன்று முறையும் வேறு வேறு கணக்குச் சொன்னதாம். அதன்மேல் கோபப்படாதே. அது எண்ணவே இல்லை. அடுத்து என்ன சொல் வரக்கூடும் என்று பார்த்து எழுதுவதுதான் அதன் பிழைப்பு. 1330 குறளையும் விரல்விட்டு எண்ண அதற்கு விரல் கிடையாது. ஆனால் எண்ணுவதற்கான பைத்தான் நிரலைக் கேட்டால் நன்றாகவே எழுதிக் கொடுக்கும். அந்த நிரலை உன் லேப்டாப்பிலேயே ஓட்டி, விடையை அதனிடம் சேர்க்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறாய். உண்டு.

இதற்கென்று ஒரு பொதுவான பேச்சுமுறை இருக்கிறது. எம்.சி.பி. என்பார்கள், விரித்தால் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் இதை யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. உன் லேப்டாப்பில் ஒரு சின்ன நிரல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு சர்வர் என்று பெயர், பெயரைக் கேட்டுப் பயப்படாதே. “என்னிடம் பைத்தான் ஓட்டும் கருவி இருக்கிறது, இன்ன வடிவில் நிரலைக் கொடு” என்று அது முதலில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். நீ கேள்வி கேட்டதும் உதவியாளர் நிரலை எழுதி, “இதை ஓட்டிச் சொல்” என்று ஒரு சீட்டு அனுப்பும். ஓட்டட்டுமா என்று உதவியாளர் செயலி உன்னைக் கேட்கும். நீ சரி என்றால் சர்வர் ஓட்டும், விடை திரும்பிப் போகும், அதைப் படித்து உதவியாளர் உனக்குப் பதில் எழுதும்.

இதில் உதவியாளர் எதையும் ஓட்டவில்லை, கவனித்தாயா? அது கேட்கிறது. ஓட்டுவது உன் லேப்டாப், அனுமதிப்பது நீ. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இணைப்பது பெரிய வேலை இல்லை. செயலியின் அமைப்புக் கோப்பில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: சர்வருக்கு ஒரு பெயர், அதைத் தொடங்கும் கட்டளை, அந்தக் கட்டளையோடு சேரும் விவரங்கள். ஜேசான் வடிவக் கோப்பு அது, ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் மொத்தமும் படுத்துவிடும். கட்டளையில் சர்வர் நிரல் இருக்கும் இடத்தை முழு முகவரியாகக் கொடு.

நான் ஒரு சாயங்காலம் முழுக்க வீணாக்கிய கதையையும் கேள். சர்வரை நானே எழுதினேன். வேலை செய்கிறதா என்று பார்க்க நடுவில் ஒரு பிரின்ட் வரி போட்டேன். அதன்பின் இணைப்பே கிடைக்கவில்லை. சர்வரும் செயலியும் பேசிக்கொள்வது பிரின்ட் எழுதும் அதே வெளியீட்டு வழியில்தான். என் “வந்தாச்சு” என்ற சொல் அவற்றின் பேச்சுக்கு நடுவே போய் விழுந்திருக்கிறது. இப்படிக் குறிப்பு எழுத வேண்டுமென்றால் பிழைச் செய்திக்கென உள்ள தனி வழியில் எழுது.

இனிமேல்தான் முக்கியமான பகுதி. போன லீவில் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்திலுள்ள தோபி கானாவுக்குக் கூட்டிப்போனேனே, தமிழ்நாட்டிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துவைக்கும் இடம். ஆளுக்கொரு தடுப்பு, அதற்குள் ஒரு கல், ஒரு தொட்டி. ஒருவர் தொட்டியில் சாயம் போனால் அடுத்தவர் வேட்டி கெடாது. உன் கருவிக்கும் அப்படி ஒரு தடுப்பு கட்டு. சும்மா இணைத்தால், உனக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையும் அந்த நிரலுக்கும் வந்துவிடும். அம்மாவின் கல்யாண ஃபோட்டோ ஃபோல்டரை அழிப்பதும் அதில் அடக்கம். நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் டாக்கர் போன்ற ஒன்றுக்குள் ஓட்டு. குறள் இருக்கும் ஒரே ஃபோல்டரை மட்டும் காட்டு, அதையும் படிக்க மட்டும். இணையத்தை அடைத்துவிடு. முடிவில்லாமல் சுற்றும் நிரலை நிறுத்த நேர வரம்பு வை.

இன்னும் இரண்டு. நிரல் உன் வீட்டில் ஓடினாலும் விடை, உதவியாளர் இருக்கும் நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. வீட்டில் ஓடுவதால் ரகசியம் என்று நினைக்காதே. அடுத்தது, எங்கிருந்தோ இறக்கிய கோப்புக்குள் “இதையெல்லாம் அழித்துவிடு” என்று யாரோ எழுதி வைத்திருந்தால், உதவியாளர் அதை உன் உத்தரவென்று எடுத்துக்கொள்ளக்கூடும். நிரலாளர் சைமன் வில்லிசன் 2022-இல் இதற்கு பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்று பெயர் வைத்தார். அனுமதிப் பொத்தானைப் படிக்காமல் அழுத்தாதே என்று நான் நச்சரிப்பது இதனால்தான். “எப்போதும் அனுமதி” என்பதைத் தொடவே தொடாதே.

எல்லாம் இணைத்த பிறகு முதல் வேலையாக “தமிழ்” என்ற சொல்லின் நீளத்தைக் கேள். பைத்தான் 5 என்று சொல்லும். நம் கணக்கில் 3. பைத்தான் பொய் சொல்லவில்லை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறியீடுகளை எண்ணியிருக்கிறது. நாம் கேட்க நினைத்தது வேறு. முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தைச் சேர்த்துக்கொள், அது த, மி, ழ் என்று நம்மைப்போல எண்ணும். ஓட்டிக் கிடைத்த விடை என்பதற்காக நம்பிவிடாதே. எதை எண்ணியது என்று நிரலைப் படித்துப் பார்.

பிறகு “கொச்சி”யைக் கொடுத்துப் பார். நூலகம் இல்லாமல் எண்ணினால், ஒரு கோப்பில் 6 என்றும் இன்னொன்றில் 7 என்றும் வரக்கூடும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காரணத்தை உதவியாளரிடம் கேட்கும் முன், கொம்பையும் காலையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார். கண்டுபிடித்தால் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா