தயிருக்கும் காய்ச்சல் வருமா?

ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் மகள், பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும் என்கிறாள். சில நாட்களாக எங்கள் வீட்டுத் தயிர் உறையவே இல்லை. அதுதான் காரணமா? பாக்டீரியா தன்னைக் காத்துக்கொள்ளாதா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

மகள் சொல்வது சரி. ஆனால் முதலில் பாலைக் கவனியுங்கள். கொதிக்கக் கொதிக்க உறை ஊற்றினால் பாக்டீரியா வெந்தே போகும். அதற்கு வைரஸ் வேண்டாம். வெதுவெதுப்பாக ஆறிய பாலும் உறையாவிட்டால், ஃபேஜ் என்ற வைரஸைச் சந்தேகிக்கலாம். பாத்திரத்தைச் சுடுநீரில் கழுவி, வேறொரு வீட்டு உறைமோரை ஊற்றிப் பாருங்கள். பால் தொழிற்சாலைகளும் பாக்டீரியா இரகங்களை மாற்றி மாற்றித்தான் சமாளிக்கின்றன. ஃபேஜ் மனிதரைத் தாக்காது.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. நுழையும் அந்நிய டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் அதனிடம் உண்டு; தன் டி.என்.ஏ.வில் வேதிக் குறியிட்டு அதை மட்டும் காத்துக்கொள்ளும். சில, தொற்றியதும் தாமே செத்து வைரஸ் பெருகாமல் தடுத்துவிடும். கிரிஸ்பர் என்ற தற்காப்புதான் அதிசயம். பிழைத்த பாக்டீரியா, வைரஸின் டி.என்.ஏ. துண்டொன்றைத் தன் மரபணுத் தொகுதியில் சேமித்துச் சந்ததிக்கும் தருகிறது. அதே வைரஸ் மறுபடி வந்தால், காவல் நிலையத்துப் புகைப்படத்தோடு ஒப்பிடுவதுபோல் அடையாளம் கண்டு வெட்டுகிறது. வைரஸும் விடுவதாக இல்லை. கிரிஸ்பரை முடக்கும் புரதங்கள் சில ஃபேஜ்களிடம் உண்டு.

கிரிஸ்பர் தற்காப்பை 2007-இல் சோதனையில் காட்டியவர்கள் டானிஸ்கோ என்ற உணவுப்பொருள் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும். எடுத்துக்கொண்டது தயிர் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். 2020 வேதியியல் நோபலோ, இதை மரபணு வெட்டும் கருவியாக்கிய ஷார்பான்டியேவுக்கும் டௌட்னாவுக்கும் போனது. தயிர்க்காரர்களுக்கு ஒன்றுமில்லை, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.