படத்துக்குப் பாட்டு எங்கே எடுப்பது?

சேலத்திலும் நாமக்கல்லிலும் விஸ்காம் படிக்கும் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்களையும், உள்ளூர் கேபிள் சேனலுக்குத் தயாராகும் நிகழ்ச்சிகளையும் அடிக்கடி பார்க்கிறேன். கேமரா வேலை நன்றாக இருக்கிறது, நடிப்பும் பரவாயில்லை. பாட்டில்தான் கோட்டை விடுகிறார்கள். ரசனையில் குறையில்லை; பாட்டைப் பெறும் வழியைத் தேர்ந்தெடுப்பதில்தான் குறை. பாதிப் பேர் சீனியர் செய்ததைச் செய்கிறார்கள். மீதிப் பேருக்கு வீட்டு நெருக்கடி. ராசிபுரம் பக்கத்து அப்பா ஒருவர், மகனின் படத்துக்குப் பணம் போட்டவர், என்னிடமே சொன்னார்: “ராஜா சார் பாட்டு ஒண்ணு வெக்கச் சொல்லுங்க சார். இல்லீன்னா சொந்தக்காரங்க யாருங்க பாப்பாங்க?” பணம் போட்டவர் சொன்ன பிறகு பையன் என்ன செய்வான்? வைத்தான். யூடியூபில் ஏற்றிய அன்றே கிளெய்ம் விழுந்தது. போட்டிக்கு அனுப்பப் போனால் இசை உரிமைக் கடிதம் கேட்டார்கள். படம் இன்னும் ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது.

முதலில் சொத்து விவரம். சட்டத்தின் கண்ணில் பாட்டு என்பது ஒரே பட்டாவில் மூன்று பங்காளிகள் இருக்கிற காடு. வரி எழுதியவர் ஒருவர், மெட்டுப் போட்டவர் ஒருவர், பதிவை (மாஸ்டர் என்கிறோமே, அதை) கையில் வைத்திருப்பவர் ஒருவர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரிக்கும் மெட்டுக்கும் ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் உரிமை உண்டு. பதிவுக்கு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு மற்ற இருவரை மறந்துவிடுவதில்தான் பெரும்பாலான வழக்குகள் தொடங்குகின்றன.

இன்னொன்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். டிவி சேனல்கள், ராயல்டி வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற அமைப்புகளிடமும் லேபிள்களிடமும் ஒளிபரப்பு உரிமம் வாங்குகின்றன. 2012 திருத்தத்தில் வந்த 31டி பிரிவு, ஏற்கெனவே வெளியான பாட்டை முன்கூட்டி அறிவித்து, நிர்ணயித்த ராயல்டி கட்டி ஒளிபரப்ப வழி தந்தது. அந்த வசதி ஒளிபரப்பு நிறுவனத்துக்குத்தான். இணையத்துக்கு அது செல்லாது என்று டிப்ஸ் லேபிளுக்கும் விங்க் இசைச் செயலிக்கும் நடந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னது. 2022-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. காட்சியோடு பாட்டை ஒட்டுகிற சிங்க் உரிமம் இதிலெல்லாம் சேராது. அதை வாங்க வேண்டியவர் நிகழ்ச்சியைத் தயாரிக்கும் நீங்கள். “சேனல்கிட்ட லைசென்ஸ் இருக்குங்க” என்ற பேச்சை நம்பிப் போனவர்களிடம், அதே சேனல் நீட்டும் ஒப்பந்தத்தில் “உரிமைப் பிரச்சினை வந்தால் தயாரிப்பாளரே பொறுப்பு” என்று ஒரு வரி இருக்கும். படித்துப் பாருங்கள்.

வழிகள் எல்லோரும் அறிந்தவைதான். லேபிளிடம் சினிமாப் பாட்டை உரிமம் வாங்குவது பெரிய கைகளுக்கு. மின்னஞ்சல் அனுப்பினால் முதலில் திரும்பி வரும் கேள்விகள்: எத்தனை விநாடி, எந்த ஊடகம், எந்த நாடுகள், எத்தனை வருடம்? இந்த நான்குக்கும் பதில் இல்லாமல் விலை கேட்காதீர்கள். கடிதம் கொடுப்பவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்கள் ‘குணா’ பாட்டை லேபிளிடம் முறையாக வாங்கியதாகவே சொன்னார்கள். 2024-இல் இளையராஜாவின் நோட்டீஸ் வந்தது. 2025-இல் இளையராஜா வழக்குப் போட்டபோது ‘குட் பேட் அக்லி’ தரப்பும் லேபிளிடம் வாங்கியதாகவே சொன்னது. உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை விழுந்தது. கோடிகளில் படம் எடுப்பவர்களுக்கே இந்த நிலை.

ஸ்டாக் லைப்ரரி இசை விலை குறைவு, காகிதம் சுத்தம். ஆனால் ஏற்காட்டு மூடுபனிக்கும் பற்பசை விளம்பரத்துக்கும் ஒரே பியானோ ஒலிக்கும். எனக்குப் பிடிக்காது, உங்களுக்குப் பிடித்தால் எடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் பாட்டென்றால் என்.சி. என்ற எழுத்து இருந்தால் விளம்பரம் ஓடும் சேனலில் போட முடியாது, என்.டி. இருந்தால் காட்சியோடு ஒட்டவே முடியாது. ஏ.ஐ. செயலியில் இலவசக் கணக்கில் செய்த பாட்டை விற்பதற்கு முன் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். பெரும்பாலும் வணிகத்துக்கு அனுமதி இருக்காது.

இனி கவர் சாங். இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் இப்போது இதுதான் மோகம். நாமே பாடி, நண்பன் கிட்டார் வாசித்து, ஹாஸ்டல் அறையில் பதிவு செய்தால் பாட்டு நம்முடையது என்று நம்புகிறார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களும் சிலர் நம்புகிறார்கள். நீங்கள் புதிதாகப் பாடியதால் விலகிப்போனது மூன்று பங்காளிகளில் ஒருவர் மட்டும், அதாவது பழைய மாஸ்டரின் சொந்தக்காரர். வரிக்காரரும் மெட்டுக்காரரும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

சட்டத்தில் கவருக்கென்று 31சி என்ற பிரிவு இருக்கிறது. அதைக் காட்டி வாதாடுபவர்கள் முழுதாகப் படித்திருந்தால் வாதாடமாட்டார்கள். மூலப்பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கடந்திருக்க வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வெளியிடப்போகும் பதிவின் உறை மாதிரியையும் அனுப்ப வேண்டும். உறையில் இது கவர் என்று தெளிவாகப் போட வேண்டும். மூலப் பாடகரின் பெயரோ படமோ போட்டு வாங்குபவரைக் குழப்பக் கூடாது. ராயல்டி முன்பணமாக, ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு. தவிர்க்க முடியாத தொழில்நுட்ப மாற்றம் தவிர, அனுமதியில்லாமல் வரியையோ மெட்டையோ மாற்றக் கூடாது. மெதுவாக்கி எக்கோ ஏற்றிய லோ-ஃபை, இரண்டு பாட்டைத் தைத்த மேஷ்-அப் எல்லாம் அந்தக் கடைசி நிபந்தனையிலேயே மாட்டிக்கொள்ளும். இவ்வளவையும் நிறைவேற்றினாலும் கிடைப்பது ஒலிப்பதிவு செய்யும் அனுமதி. வீடியோவுக்கு அது உதவாது.

“யூடியூபில் ஆயிரக்கணக்கில் இருக்கிறதே சார்?” இருக்கிறது. உரிமையாளர்கள் கன்டென்ட் ஐடி மூலம் கண்டுபிடித்து, எடுத்துவிடாமல், விளம்பர வருமானத்தைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். அது அவர்கள் காட்டும் பொறுமை. நாளைக்கு மனம் மாறினால் ஸ்ட்ரைக், 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் என்றால் சேனலே போய்விடும். அந்தப் பொறுமை யூடியூப் வாசலுக்கு உள்ளேதான். அதே கவரைக் குறும்படத்தில் வைத்து ஓ.டி.டி.-க்கோ சேனலுக்கோ கொண்டுபோனால் யாரும் பொறுமை காட்டமாட்டார்கள்.

பதினைந்து விநாடிக்குள் எடுத்தால் தப்பில்லை என்பார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு கிடையாது. கீழே “கிரெடிட்ஸ் டு ஓனர்ஸ்” என்று போடுவது மரியாதை, அனுமதி ஆகாது. கல்லூரி விழாவில் பாடியபோது யாரும் கேட்கவில்லையே என்றால், ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் உள்ள அரங்குக்குச் சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் சடங்குக்கும் அப்படித்தான் விலக்கு. மண்டபத்தில் பாட்டுப் போடலாம். அதைப் படம்பிடித்து லோக்கல் சேனலில் விளம்பரத்தோடு ஓட்டுவது வேறு விஷயம். இந்த விலக்குகளில் பழகிய பிள்ளைகள் வெளியேயும் அதே சட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சட்டத்தை விடுங்கள். புகழ்பெற்ற பாட்டின் கவரை வைத்த படத்தில் பார்ப்பவர் மனம் பழைய படத்துக்குப் போய்விடுகிறது. உங்கள் கதாநாயகி அழும்போது அவர் வேறு நடிகையை நினைத்துக்கொண்டிருக்கிறார். இதற்காகவா இரவெல்லாம் எடிட் செய்தீர்கள்?

காசில்லாதவர்களுக்குப் பழைய சரக்கு இருக்கிறது, தேடத் தெரிய வேண்டும். பாரதி பாடல்களின் உரிமை 1949-இல் அரசிடம் வந்து, பிறகு பொதுவாயிற்று. ஒலிப்பதிவு உரிமை வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரும் விட்டுக்கொடுத்தார். பாரதி பாடல்களுக்கு ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் மெட்டுப் போட்ட ஜி. ராமநாதன் 1963-இல் மறைந்தார். 60 ஆண்டு 2023-ஓடு முடிந்தது. படம் 1961; பதிவின் காலம் 2021-ஓடு முடிந்தது. மூன்று பங்காளிகளும் விலகிவிட்ட இப்படியொரு பாட்டு அமைவது அபூர்வம். ஏற்றினால் தானியங்கி கிளெய்ம் வரலாம்; இந்த ஆண்டுக் கணக்கை எழுதி மறுப்புக் கொடுங்கள்.

நம் ஊர்ச் சரக்கும் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’ 1950-இல் வந்தது. இசை அதே ராமநாதன். பாடலாசிரியர்களில் ஒருவரான மருதகாசி 1989 வரை இருந்தார், ஆகவே வரியைத் தனியாக விசாரிக்க வேண்டும். மெட்டை மட்டும் நாகஸ்வரத்தில் வாசித்துப் பதிவு செய்ய யாரையும் கேட்க வேண்டியதில்லை. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் எழுத்து நாட்டுடைமை. புது மெட்டுப் போட்டால் மெட்டும் உங்களுடையது. ஒரு எச்சரிக்கை: கந்த சஷ்டி கவசத்தின் நூல் பழையது, யாரும் பாடலாம். காதில் பழகிய சூலமங்கலம் சகோதரிகளின் பதிவு அப்படி அல்ல. உள்ளூர் சேனல்கள் அதை சஷ்டிக்குச் சஷ்டி ஓட்டுவதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது.

என் ஓட்டு புதிதாக இசை செய்விப்பதற்கு. சேனல் ஒன்றில் உரிமைத் தாள்களைப் பார்த்துக் காலம் தள்ளியவன் நான். பிரச்சினையில்லாமல் ஒளிபரப்பானவை பெரும்பாலும் சொந்தமாக இசை செய்தவை. பம்பைச் சத்தம் கேட்டால் மயங்குகிற ஆள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் அரசு இசைப் பள்ளியில் நாகஸ்வரமும் தவிலும் தேவாரமும் படித்துவிட்டு வாய்ப்புத் தேடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிபாளையத்து மாணவி ஒருத்தி பக்கத்துத் தறிப்பட்டறையில் நாடா அடிக்கும் சத்தத்தைப் பதிவு செய்து, அதன் தாளத்தின் மேல் ஒற்றை உறுமியை ஏற்றிப் படம் முழுக்கப் பின்னணியாக வைத்தாள். தறி வேகம் குறையும் இடத்தில் காட்சியை வெட்டினாள். அப்படி இசையமைத்த படம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நண்பன்தானே என்று வாட்ஸாப்பில் பேசி முடிக்காதீர்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்து, கொடுப்பவர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூர்த் தமிழ்ச் சேனல் கேட்கும்போதுதான் அது வலிக்கும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தனி உரிமை உண்டு, அவர்களிடமும் கடிதம் வாங்குங்கள். சம்பளத்தைச் சொன்ன நாளில் கொடுங்கள்.

இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். பிடிக்கட்டும். காது இருக்கிற பிள்ளை தானே இசை செய்யட்டும். காது இல்லை என்று தெரிந்தால் காது இருக்கிறவனைத் தேடிப் போகட்டும், அதில் அவமானம் ஒன்றுமில்லை. பெற்றோர்களும் சொந்தக்காரர்கள் என்ன பார்ப்பார்கள் என்பதை ஓரமாக வைத்துவிட்டுப் பையனுக்கு இன்னும் இரண்டு மாதம் கொடுங்கள். வைரல் ஆவதற்கும் தேர்ச்சி வருவதற்கும் ஒரே வேகம் கிடையாது. பத்துப் படத்தின் பின்னணி இசையை மட்டும் கண்ணை மூடிக் கேட்ட பிள்ளை, பதினோராவது படத்தில் எங்கே இசை வேண்டாம் என்று தானே சொல்லும்.

எடிட் முடிந்த அன்றே க்யூ ஷீட் எழுதிவிடுங்கள்: பாட்டின் பெயர், வரி, இசை, பாடியவர், மாஸ்டர் யாருடையது, எந்த நிமிடத்தில் தொடங்கி எத்தனை விநாடி, பின்னணியா திரையில் பாடுவதா, எந்தக் கடிதத்தின் பேரில். பொதுச்சொத்து என்றால் மறைந்த ஆண்டையும் வெளியான ஆண்டையும் அந்தக் கட்டத்திலேயே குறியுங்கள். கடிதங்களை ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போட்டு, ஒரு நகலை இசையமைத்தவருக்கும் அனுப்புங்கள், அவர் ஐ.பி.ஆர்.எஸ். உறுப்பினர் என்றால் ராயல்டி கேட்க அவருக்கும் அந்தத் தாள்தான் வேண்டும்.